என் பெயரில் ஒரு கோப்பை

எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை இருக்கிறது. அடிப்பீடத்தில் என் பெயர், அதன் கீழே ‘சிறந்த ஃபார்வர்ட்’. சத்தியமாகச் சொல்கிறேன், பிறந்ததிலிருந்து நான் ஒரு பந்தைக்கூட நேராக உதைத்தது கிடையாது.

உதைத்தவர் அண்ணன். கூடப்பிறந்தவரல்ல, வடசென்னைக்காரர். சென்னையில் லீக் ஆடி, பிறகு கொல்கத்தா, கோவா, மாலத்தீவு என்று கிளப் கிளப்பாகப் போய்க் கோல் போட்டவர். வளைகுடாவில் ஒரு கிளப் காத்திருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறினார். வந்து சேர்ந்த இடம் ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரி. விசாவில் ‘ஹெல்பர்’ என்று போட்டிருந்தது. பூட்ஸை மட்டும் தூசி படாமல் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார்.

நான் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஸ்டோர்கீப்பர். கம்பெனிகளுக்குள் நடக்கும் வெள்ளிக்கிழமைப் போட்டியில் அந்தந்தக் கம்பெனி ஆள்தான் ஆடலாம். ஜெயித்தே தீருவது என்று நின்ற எங்கள் சூப்பர்வைசர், அண்ணனின் ஆட்டத்தைக் கேள்விப்பட்டு அவரைக் குவாரியிலிருந்து வேனில் கூட்டிவந்து என் அடையாள அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டார். இருவருக்கும் ஒரே மாதிரி மீசை, அவ்வளவுதான் பொருத்தம். "எத்தினியோ ஜெர்சி போட்டாச்சு தம்பி, இப்போ உன் பேரையும் போட்டுக்கறேன்" என்று சிரித்தார் அண்ணன். அடடா, என்ன ஆட்டம்! கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. வெட்கமில்லாமல் எனக்கும் பெருமையாக இருந்தது.

இறுதி ஆட்டத்தில் இரண்டாவது கோலைப் போட்ட கையோடு விழுந்தார். முட்டி திரும்பிக்கொண்டது. தூக்கிவந்து வேனில் படுக்கவைத்தோம். பரிசு வாங்க மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணனின் ஜெர்சியைக் கழற்றி என் மேல் மாட்டினார் சூப்பர்வைசர். வியர்வை ஈரம்கூடக் காயவில்லை. "யல்லா, போய் வாங்கு. நொண்டிக்கிட்டே போ, அப்பத்தான் நம்புவாங்க" என்றார். நொண்டினேன்.

ஆபரேஷன் செய்தால் மறுபடியும் ஆடலாம் என்றார் டாக்டர். எங்கே விழுந்தாய் என்று போட்டி நடத்தியவர்களிடம் எழுதி வாங்கி வந்தால் இன்ஷூரன்ஸில் பார்க்கலாம் என்றது அண்ணனின் கம்பெனி. போட்டிக் கமிட்டியின் தாளில் விழுந்தவன் நான். "ஆடினது நீ இல்ல, நான்தான்னு வந்து ஒரு வார்த்தை சொல்லு தம்பி" என்று மட்டும் கேட்டார் அண்ணன். சொன்னால் உன் வேலையும் போகும் என்றார் சூப்பர்வைசர். என் மனைவிக்கு விசா வரவேண்டிய நேரம் அது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அப்புறம் அவர் கூப்பிட்டால் நான் போனையே எடுக்கவில்லை. பாவி நான். நிற்க முடியாத ஹெல்பர் குவாரிக்கு எதற்கு? ஒரே மாதத்தில் ‘கலாஸ்’, கணக்கு முடிந்தது என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஏர்போர்ட்டில் யாருடைய போனிலிருந்தோ அண்ணன் கூப்பிட்டதால் தெரியாமல் எடுத்துவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னா தம்பி, மேடையில சூப்பரா நொண்டினியாமே! எனக்கே இன்னும் அப்டி வரல" என்றார். அதுதான் கடைசி. அந்தக் கால் இப்போது எப்படி நடக்கிறதோ, தெரியாது.

இன்று எனக்கு மனைவி, பிள்ளைகள், ஃபிளாட் எல்லாம் இங்கேயே. கோப்பையை அலமாரிக்குள் தள்ளிவைத்தால் மனைவி எடுத்துத் துடைத்து மறுபடியும் முன்னால் வைக்கிறாள். அவளிடமும் நான் சொன்னதில்லை. "இவ்வளவு நல்லா ஆடிட்டு ஏன் சார் விட்டுட்டீங்க?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

முட்டி போய்விட்டது என்கிறேன்.