அவ்னி குடித்த காபி

அம்மான் நகரத்தில் பயாதிர் பட்டறைத் தெருவுக்குள் போய் அவ்னியைப் பற்றி விசாரித்தால், முதலில் அவன் கையைப் புகழ்வார்கள். அப்புறம் அவன் வாயைத் திட்டுவார்கள். இரண்டுமே நியாயம்தான். ஹைப்ரிட் காரின் கதவைத் திறந்ததும் பிரேக்குக்கு விசை ஏற்றும் பூஸ்டர் மோட்டார் ஒரு முறை உறுமி அடங்குமே, அந்தச் சத்தத்தைக் கேட்டே காருக்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவான். பத்தில் ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதை ஒப்புக்கொள்ள மட்டும் அவனுக்கு வராது.

பட்டறை இரண்டு பேருக்குச் சொந்தம். பலகையிலும் இரண்டு பெயர்கள்: அவ்னி, நாயிஃப். நாயிஃப் அவ்னியின் மனைவி சுஹாதுக்குத் தம்பி. பேச்சு குறைவு, வேலை சுத்தம். இவன் கத்துவதற்கும் அவன் பொறுப்பதற்கும் சரியாக இருந்ததால்தான் பட்டறை அத்தனை வருஷம் ஓடியது.

வினை, டாக்சிக்கார அபூ கல்தூனின் கார் உருவத்தில் வந்தது. மோட்டார் ஓயாமல் உறுமுகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பிரேக் மிதி சில சமயம் கல்லாக இறுகிவிடுகிறது. ஸ்கேனரைச் செருகினால் மோட்டாரைத்தான் குற்றம் சொன்னது. அவ்னி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். மோட்டாருக்குப் போகும் கரண்டில் குறையில்லை.

"மோட்டார்தான் செத்துப்போச்சு. மாத்திடலாம்" என்றான்.

"நிறுத்தி வச்சு அளந்தா எல்லா வயரும் யோக்கியம்தான் மச்சான். மோட்டாரைச் சுத்த விட்டு அளந்து பாரு" என்றான் நாயிஃப்.

"பன்னெண்டு வோல்ட்டு காட்டுது. இதுக்கு மேல அது என்ன பல்லையா காட்டும்?"

நாயிஃப் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டான். அவ்னி ஜர்க்கா பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினான். கொஞ்ச நாளில் அதுவும் கருகியது. இன்னொன்று மாட்டினான். அபூ கல்தூன் மூன்றாம் முறை வந்தபோது காரின் ஒரு பக்கம் முழுக்கச் சிராய்த்திருந்தது.

"வாதி ஸீர் இறக்கத்துல மிதி இறங்கவே இல்லைய்யா! சுவர்ல தேச்சு நிறுத்தினேன். பின்னால ஒரு பொம்பளையும் கைக்குழந்தையும் உட்கார்ந்திருந்தாங்க. உங்கள நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

தெருவே கூடிவிட்டது. எதிர்க்கடை டயர்க்கார முஃப்லிஹ் காற்றடிக்கிற குழாயைக்கூடக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். அத்தனை கண்களும் தன் மேல் விழுந்ததில் அவ்னிக்குப் புத்தி மழுங்கியது. கை தானாக நாயிஃப் பக்கம் நீண்டது.

"இவன்தான் போன வருஷம் கேமரா மாட்டுறேன்னு இதுல வயரை வெட்டி ஒட்டினான். இவன் கை பட்ட வண்டி எது உருப்பட்டிருக்கு?"

நாயிஃப் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டான். அப்புறம் பட்டறைக்கு வரவேயில்லை.

கோபம் தணியாத அவ்னி, நாயிஃப் போட்ட ஒட்டைப் பிரித்துக் காட்டித் தன் பேச்சை நிலைநாட்டத்தான் முதலில் நினைத்தான். பிரித்தான். ஈரம் இல்லை, துரு இல்லை. அவனே போட்டிருந்தாலும் அவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. வேறு வழியில்லாமல் மோட்டாரைச் சுற்றவிட்டு அளந்தான். வோல்ட்டு மடமடவென்று எட்டுக்கு விழுந்தது. எர்த் வயரின் உறையைக் கீறினால் உள்ளே கம்பியே இல்லை, பச்சைப் பொடி. அமெரிக்காவில் பனியைக் கரைக்கத் தெருவில் கொட்டிய உப்பு அரித்துவிட்டிருந்தது. அடிபட்டு ஏலத்துக்கு வரும் கார்களோடு அந்த உப்பும்தான் கப்பலேறி இங்கே வருகிறது. புது எர்த் வயரும் நல்ல மோட்டாரும் போட்டதும் கார் சரியாகிவிட்டது.

அன்றைக்கே மச்சான் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நாளைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தான். "நாயிஃபோட பங்கை எனக்குக் கொடுத்துடேன்" என்று முஃப்லிஹ் நூல் விட்டுப் பார்த்தபோதும் முடியாது என்று சொல்லாமல் சும்மா இருந்தான். தெருவில் சும்மா இருந்தால் சம்மதம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு நாயிஃப் காதுக்கும் போனது. பெருநாள் வந்தது. நாயிஃப் அக்காவைப் பார்க்க வந்தவன், வாசலிலேயே நின்று பெருநாள் காசை அவள் கையில் திணித்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

"என் தம்பி என் வீட்டுக்குள்ள கால் வைக்கல. போங்க. போய் அத்தனை பேர் முன்னாலயும் உங்க வாயால சொல்லிட்டு வாங்க" என்று அழுதாள் சுஹாத்.

அவ்னி போனான். நாயிஃபின் பெரியப்பாவும் அக்கம்பக்கத்து ஆண்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினார்கள். ஒன்றைக் கேட்டு வந்தவன் அது கிடைக்கிறவரை குடிப்பதில்லை என்ற வழக்கப்படியே அவ்னியும் அதைக் குடிக்காமல் தன் முன்னால் வைத்தான்.  மன்னிப்பைக் கேட்டுவிட்டுக் குடிக்கலாம் என்று தொண்டையைச் செருமினான்.

நாயிஃப் முந்திக்கொண்டான். "நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும் மச்சான். பலகையிலருந்து என் பேரை எடுக்கணும், பங்கு முஃப்லிஹுக்குப் போகணும், அதானே? கொடுத்துட்டேன். காபியைக் குடி."

"ஆம்பளைடா!" என்றார் பெரியப்பா. "அபூ ஷாதி, கேக்குறதுக்கு முன்னாலயே கெடச்சிருச்சு. குடிப்பா."

அவ்னியை அவன் மூத்த மகன் பெயரால் 'ஷாதியின் அப்பா' என்று மரியாதையாகக் கூப்பிட்டதும் எல்லாரும் அவன் கையைப் பார்த்தார்கள். கொடுத்த பிறகும் குடிக்காவிட்டால் அது அந்த வீட்டைக் காறித் துப்பியதற்குச் சமம். 'இதுக்கு வரலைடா' என்ற இரண்டே சொற்கள் போதும். அவனோ கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டான்.

வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், "நாயிஃப், அந்த எர்த் வயரு..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம் மச்சான். குடிச்சாச்சில்ல, முடிஞ்சு போச்சு."

கொடுத்ததை எடுக்காமல் விட்டால் அது இன்னொரு அவமானம். ஆகவே நாயிஃபின் பெயரை அவ்னியே ஏணி போட்டு அழித்தான். முஃப்லிஹ் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அபூ கல்தூன் வண்டி விஷயத்துலயே தெரிஞ்சுதே. அவனை இவ்வளவு நாள் வச்சிருந்ததே பெரிசு" என்றான்.

அவ்னி ஏணியிலேயே திரும்பினான். தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்: "அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஒழுங்கா அளக்கல. அவன் சொன்னான், நான் கேக்கல. தப்பு என்னுது!"

பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். முஃப்லிஹுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா?" என்றான் எல்லாரிடமும். "இவ்வளவு நடந்தும் மச்சானை விட்டுக்கொடுக்கிறானா பாருங்க. மனுஷன்னா இவன்தான்யா!"