தாத்தா போகாத ஐம்பது கிலோமீட்டர்

“…அப்படீன்னா நான் யாருக்குப் பொறந்தேன்? அதையும் நீங்களே எழுதிடுங்கோ. எப்ப வரேள்?”

போன வியாழக்கிழமை சாயங்காலம் போனில் வந்த குரல் இது. பேசியவர் ஸ்ரீரங்கத்து ரங்கநாயகி அம்மாள். சுதந்திரம் வந்த வருஷம் பிறந்தவர். நான் எழுதிய நாவலில் இவருடைய அப்பா வரதன், 1942-ல் ரங்கூனிலிருந்து நடந்து வரும் வழியில், என் தாத்தா பெரியசாமியின் மடியில் தலை வைத்துச் செத்துப்போகிறார். அந்த இடத்தில் அழுதுவிட்டேன் என்று சொன்னவர்கள் அநேகம். உண்மைக் கதை என்று அட்டையிலேயே போட்டாயிற்று, பேரை மட்டும் எதற்கு மறைக்க வேண்டும் என்று வரதன் பேர், தெருப் பேர் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தேன். அப்படிச் செத்துப்போனவருக்குத்தான் ஐந்து வருஷம் கழித்து ஒரு மகள்.

ஞாயிறு, காலை 6.20. தொட்டியம் பஸ் ஸ்டாண்டு. வெறுங்கையோடு போகக் கூடாதென்று எங்கள் தோப்புப் பூவன் பழத்தில் ஒரு சீப்பு எடுத்துக்கொண்டேன்.

“ஸ்ரீரங்கமா? திருவானைக்காவல்ல எறங்கி ஆட்டோ புடிங்க, பத்து நிமிசம்” என்றார் கண்டக்டர்.

“திருச்சி சத்திரத்துக்கே குடுங்க.”

“ஆத்தைத் தாண்டிப் போயி, மறுபடி ஆத்தைத் தாண்டித் திரும்பி வரப் போறீங்களா? பொண்ணு பாக்கப் போற மாப்ள மாதிரியில்ல தயங்குறீங்க!”

அறுபத்திரண்டு வயது மாப்பிள்ளையைப் பார்த்து முன்சீட்டெல்லாம் சிரித்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். என் எழுத்தெல்லாம் இப்படி ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். பஸ்ஸில் யார் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னாலும் சட்டைப்பையிலிருந்து நோட்டு வெளியே வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை.

முசிறி தாண்டியதும் வலது பக்கம் காவிரி கூடவே வந்தது. குணசீலம் வரைக்கும் தாத்தாவை நினைத்துக்கொண்டே போனேன். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் தெருவே லாரி பிடித்து ஸ்ரீரங்கம் போகும். அவர் மட்டும் முட்டி வலி என்று கட்டிலில் படுத்துக்கொள்வார். மறுநாள் அதே முட்டியோடு தோப்பில் மண்வெட்டி பிடிப்பார். “சிநேகிதன் ஊரு, மனசு தாங்கல அவருக்கு” என்பார் அம்மா. அதை வைத்து ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.

7.50. சத்திரம் பஸ் ஸ்டாண்டு. பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ. மலைக்கோட்டையை வேடிக்கை பார்க்கிற சாக்கில், ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ் இரண்டை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். பாலத்துக்குக் கீழே தண்ணீர் கரை தொட்டுப் போனது. தொட்டியத்திலிருந்து இங்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இந்த நாவலை எழுத எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. ரங்கூன் தெருக்களின் படம் தேடி நூலகம் நூலகமாக அலைந்தேன். ஸ்ரீரங்கத்துத் தெருவுக்கு வந்து ஒரு கதவைத் தட்டத் தோன்றவில்லை.

8.40. சித்திரை வீதி. கதவைத் திறந்த ரங்கநாயகி அம்மாள் என் முகத்தை முதலில் பார்க்கவில்லை, கையிலிருந்த பையைத்தான் பார்த்தார்.

“தொட்டியத்துப் பூவனா? பரவாயில்லையே, இந்தத் தரம் கொண்டுவந்தவா முகத்தைப் பாத்துட்டேன். வாங்கோ.”

புரியாமல் நின்றேன். உட்காரச் சொல்லிவிட்டு அவரே விளக்கினார். அவருடைய சின்ன வயதிலிருந்து முப்பது வயது வரைக்கும் வருஷம் தவறாமல் ஆடி மாதம் வாசலில் ஒரு வாழைத்தார் இறங்குமாம். யார் அனுப்பியது என்று வண்டிக்காரன் சொல்ல மாட்டானாம்.

எனக்குத் தெரியும். தாரை ஏற்றும்போது வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். “ஸ்ரீரங்கத்துப் பெருமாளுக்குன்னு சொல்வாருங்க தாத்தா” என்றேன்.

“பெருமாள் பேரைச் சொல்லி எங்காத்துக்கு வந்துண்டிருந்தது” என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். மலைப்பாதையில் அவருடைய அப்பா காய்ச்சலில் விழுந்திருக்கிறார். என் தாத்தா இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலையில் அப்பா கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் தண்ணீர்க் குடுவை மட்டும் இருந்தது.

“அதை அப்பா தப்பாவே சொன்னதில்லை. ‘குழந்தை குட்டி இருக்கறவன், போகாம என்ன பண்ணுவான்’ம்பார். ஆனா உங்க தாத்தா ஊருக்கு வந்ததும் இங்க வந்தார். இதோ, இந்த வாசல்ல நின்னுண்டு, ‘என் மடியிலதான் உசிரு போச்சு’ன்னு அழுதாராம். பெரியவா நம்பினா. தர்ப்பையில உருவம் பண்ணி நெருப்பு வச்சு, பதிமூணு நாள் காரியமும் ஆச்சு. அம்மாவுக்குத் திருமாங்கல்யத்தைக் கழட்டியாச்சு. இருபது வயசு அவளுக்கு. நாலு மாசம் கழிச்சு ஒருநாள் கார்த்தால அப்பா வந்து நிக்கறார்.”

“உள்ள விட்டாங்களா?”

“எப்படி விடுவா? காரியம் ஆனவனுக்கு ஆத்துல இடம் ஏது? சாஸ்திரத்துல அதுக்கும் வழி இருக்கு. மறுபடி பொறக்கணும். ஸ்நானம் பண்ணிவச்சு, பொறந்த குழந்தைக்குப் பண்ற ஜாதகர்மம் பண்ணி, பேர் வச்சு, பூணூல் போட்டு, அப்புறம் அம்மாவையே இன்னொரு தரம் கல்யாணம் பண்ணிண்டார். முப்பது வயசு மனுஷன் காதுல குழந்தைக்குச் சொல்ற மாதிரி மூணு தரம் பேர் சொன்னாளாம். ‘விவரம் தெரிஞ்சு பொறந்தவன் லோகத்துல நான் ஒருத்தன்தான்’னு சிரிப்பார் அப்பா. ‘நான் செத்துட்டேன்னு அவன் ஏன் சொன்னான்’னு அவரே கேக்கறப்போ மட்டும் சிரிக்க மாட்டார்.”

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இருபது வயதுப் பெண்ணின் முகத்துக்கு நேரே, உயிரோடு விட்டுவிட்டு வந்தேன் என்று எந்த மனிதன் சொல்லுவான்? தாத்தா ஒருதரம் பொய் சொல்லிவிட்டு, ஆயுசு முழுக்க இந்தத் தெருவுக்கு வர முடியாமல் கிடந்தார். நான் அதே பொய்க்கு வர்ணனை சேர்த்து, முந்நூறு பிரதி போட்டு, பொன்னாடையும் வாங்கிக்கொண்டேன்.

“உங்க புஸ்தகம் இங்க நாலாத்துல இருக்கு” என்றார். “எதிராத்துக் கோமளா பிரகாரத்துல வச்சே கேட்டா, ‘உங்கப்பா பர்மாவுலேயே பரமபதிச்சுட்டாராமே மாமி, அப்ப நீங்க தத்தா?’ன்னு. தத்தான்னு கேட்டவளாவது மரியாதைக்காரி. கேக்காதவாள்ளாம் எங்கம்மாவைப் பத்தி என்ன நினைச்சுண்டாளோ!”

தலையைத் தூக்க முடியவில்லை. “அடுத்த பதிப்புல மாத்திடறேங்க” என்றேன்.

“அடுத்தது எப்போ?”

“இருக்கிறது வித்த பிறகு…”

“நேக்கு எண்பது நெருங்கறது. அதுவுமில்லாம, உங்க அடுத்த பதிப்பை இன்னொரு தரம் யார் வாங்குவா?”

அவர் கொடுத்திருந்த மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்ப 11.10-க்கு ஒரு பஸ் உண்டு என்பதுகூட அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முட்டி வலி என்று படுத்துக்கொள்கிற ரத்தம்தானே என் உடம்பிலும் ஓடுகிறது.

ரங்கநாயகி அம்மாள் எழுந்துபோய் வாசல் கதவை இரண்டு பக்கமும் திறந்தார். “கோமளா! புஸ்தகம் எழுதினவர் வந்திருக்கார். படிச்சவா எல்லாரையும் கூட்டிண்டு வா, அவர் வாயாலயே கேளுங்கோ” என்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்க தாத்தா நின்னுண்டு சொன்னார். நீங்க உக்காந்துண்டே சொல்லலாம்.”

கூடத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், தாத்தா நின்ற அந்த வாசலில் தெருவைப் பார்க்கப் போட்டு, புடவைத் தலைப்பால் அதன் தூசியைத் துடைத்தார்.