பச்சைப் புள்ளியும் வெள்ளைச் சட்டையும்

இன்று காலை பால்கனிக் கதவைத் திறந்ததுமே பிளாஸ்டிக் கருகும் வாடை குப்பென்று அடித்தது. மனைவி கைப்பேசியை நீட்டினாள். உலகப் படம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். காற்று கெட்ட இடமெல்லாம் சிவப்பு. "நம்ம ஊரு கிள்ளான் பச்சையாத்தான் இருக்கு. உங்க மூக்குதான் சரியில்ல," என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தப் பச்சையோடு எனக்குப் பழைய பகை உண்டு, கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே இடத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தேன். ஆபீசுக்கென்று இருந்ததே இரண்டு வெள்ளைச் சட்டை. கொடியில் காயப் போட்டால் சாயங்காலம் கரும்புள்ளி விழுந்து கிடக்கும். புது டிசைனா என்று ஆபீசில் கேலி செய்வார்கள். எந்தப் பணக்கார நாட்டு பிளாஸ்டிக் குப்பையையோ மலேசியாவுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத் தொழிற்சாலையில் எரித்தார்கள். எனக்குச் சட்டைதான் போயிற்று. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவின் மகள் கவிதாவுக்கு மூச்சே போய்க்கொண்டிருந்தது. இழுப்பு வந்தால் அந்தப் பிள்ளையின் கழுத்து குழி விழும். பார்க்கச் சகிக்காது.

புகார் கொடுத்தோம். வந்த அதிகாரி நம்ம தமிழ் ஆள்தான். லேப்டாப்பில் இதே மாதிரி உலகப் படத்தைக் காட்டினார்.

"பாருங்க அக்கா, உங்க ஏரியா பச்சை லா. காத்த அளக்குற மிஷின் பொய் சொல்லாது."

"மிஷின் எங்க இருக்கு, பாஸ்?"

"டவுன் பக்கம்."

"அது அங்க நிக்குது. என் மக இங்க மூச்சு விடுறா. அவளக் கொண்டுபோய் உங்க மிஷின் பக்கத்துல கட்டிப்போடவா?"

மறுநாள் அக்கா கவிதாவின் பள்ளிச் சட்டையைத் துவைத்து, தொழிற்சாலைக் கம்பி வேலியிலேயே காயப் போட்டார். ரோட்டில் போகிற பஸ் அத்தனைக்கும் தெரிகிற வேலி. காவலாளி பிடுங்கி எறிந்தான். அக்கா எடுத்து மறுபடி துவைத்துப் போட்டார். அடுத்து என் சட்டை, அப்புறம் வரிசை முழுக்க எல்லார் வீட்டுத் துணியும். காலையில் வெள்ளையாகப் போட்டது சாயங்காலம் கறுப்பாகத் தொங்கும். "எங்க படம் இதுதான், வந்து பாருங்க!" என்று ரோட்டில் நின்று கத்துவார் அக்கா. போட்டோ எடுத்தார்கள், பேப்பரில் வந்தது. ஒரு வழியாகத் தொழிற்சாலை கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. கவிதா இழுப்பில்லாமல் வாயை மூடித் தூங்கினாள். உலகப் படத்தில் நாங்கள் அன்றும் பச்சைதான்!

அந்த வரிசையை இடித்துத்தான் இப்போது நான் இருக்கும் இந்த அடுக்குமாடிக் கொண்டோ வந்தது. வேலி இல்லை, கொடி இல்லை, அக்கா காஜாங் பக்கம் போய்விட்டார். பால்கனியில் துணி காயப் போடக் கூடாதென்று லிஃப்டில் நோட்டீஸ். எல்லார் துணியும் மிஷினுக்குள்ளேயே காய்கிறது. காற்று எப்படியென்று சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒரு வெள்ளைத் துணி கிடையாது.

கிடையாதா? என் வெள்ளைச் சட்டையை நனைத்துப் பிழிந்து, ரோட்டைப் பார்த்துப் பால்கனிக் கம்பியில் மாட்டினேன்.

"நோட்டீஸ் பாக்கலையா?" என்றாள் மனைவி.

"வரட்டும், வந்து எடுக்கச் சொல்லட்டும்!"

மத்தியானம் அவளே வந்து காலரைத் தடவி, விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் வெள்ளைத் துப்பட்டாவை நனைத்து எடுத்து வந்தாள்.