அறுநூற்று நாற்பது ரொட்டிகள்

தலைநகர் பிஷ்கெக்கில் தேசிய உணவுச் சட்டச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் பெரிது, இருப்பது இரண்டே அறை. அதை நடத்துகிறவர்கள் ஐந்து பேர். இரண்டு வக்கீல்கள், ரசாயன நிபுணர் சாகின், ஒரு மாட்டு டாக்டர், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவர். சம்பளம் கிடையாது. ஆனால் நாடாளுமன்றத்துக்குப் போகும் உணவுச் சட்டம் எதுவானாலும் முதல் வரைவு இவர்கள் கையால்தான். ஐவரும் கூடி உட்கார்ந்தால் ஒரு காற்புள்ளிக்காக ஒரு மதியமே போய்விடும்.

சங்கத்தின் தலைவி ராய்கான். ஐம்பத்தாறு வயது, வக்கீல், கண்டிப்புக்காரி. பிறர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூடப் பேனாவோடுதான் படிப்பாள். அவள் வாழ்நாளில் பெருமைப்பட்ட ஒன்று உண்டென்றால் அது கெட்ட உணவை ஒழிக்கும் சட்டம். எந்தப் பொருள் கெட்டால் அதை எப்படி அழிப்பது என்று நூற்று நாற்பத்தோரு வரிகள். இறைச்சியைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், பாலில் சாயம் கலந்து கொட்ட வேண்டும், மீனை எரிக்க வேண்டும், இப்படி. நாலு வருஷ உழைப்பு. பட்டியலில் இல்லாத பொருளை எந்த அதிகாரியும் தொட முடியாது என்பதையும் அவளேதான் வற்புறுத்திச் சேர்த்தாள். இல்லாவிட்டால் ஆய்வாளர்கள் கடைக்காரர்களைப் பிழிந்துவிடுவார்கள் என்பது அவள் வாதம். சட்டம் நிறைவேறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

செப்டம்பரில் ஒரு காலை, கோச்கோர் ஊரிலிருந்து ஆய்வாளர் மெடெர் போன் செய்தான்.

"அக்கா, இங்க ஒஸ்மோன் பேக்கரி மாவுல கோளாறு. நம்ம சாகின் அண்ணன் லேப்ல இருந்து ரிப்போர்ட் வந்திருக்கு. விதைக் கோதுமைய அரைச்சு எவனோ சந்தையில தள்ளிவிட்டிருக்கான். விதைக்குப் பூசுற பூச்சி மருந்து அப்படியே மாவுல இருக்கு."

"அப்ப அழிச்சுத் தள்ளு. என்னை ஏன் கேக்கிற?"

"மாவ பூட்டி சீல் வெச்சிட்டேன், அதுக்குச் சட்டத்துல வரி இருக்கு. அதுக்குள்ள அறுநூத்தி நாப்பது ரொட்டி சுட்டுட்டாரு. நாளைக்கு ஒரு பெரிய வீட்டுல செத்தவருக்கு வருஷ நினைவு விருந்து. ஆயிரம் பேர் வராங்க. ரொட்டிக்கு எந்த வரி போடறது? ராத்திரியில இருந்து தேடறேன், காணோம்."

"கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தேடு" என்று சொல்லிவிட்டு ராய்கான் சட்டத்தை எடுத்தாள். ஒருமுறை பார்த்தாள். இரண்டாவது முறை விரல் வைத்துப் பார்த்தாள். மாவு இருந்தது, நூடுல்ஸ் இருந்தது, கேக் இருந்தது, பிஸ்கட் இருந்தது. ரொட்டி இல்லை.

மற்ற நால்வரையும் கூப்பிட்டாள். மாட்டு டாக்டர் அதை ரசாயனக்காரர் எழுதுவார் என்று விட்டிருந்தார். ரசாயனக்காரர் சாகின் அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தார். சுங்க அதிகாரியும் இன்னொரு வக்கீலும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராய்கான் பழைய வரைவைத் தேடி எடுத்தாள். அதில் அவள் கையெழுத்திலேயே "ரொட்டி" என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் வெற்றிடம். தேநீர் போட எழுந்து போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பி வந்து அடுத்த பொருளைத் தொடங்கியிருக்கிறாள்.

அவர்கள் ஐவர் மட்டுமல்ல. அமைச்சகத்தில் பதினோரு பேர், நாடாளுமன்றத்தில் மூன்று வாசிப்பு. யாருக்கும் கண்ணில் படவில்லை. ரொட்டிக்குப் பக்கத்தில் "அழி" என்று எழுத இந்த நாட்டில் ஒரு கைகூட எழவில்லை. ராய்கானுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. உடம்பு சிலிர்த்தது. முப்பது வருஷம் சட்டம் எழுதியவளுக்குத் தன் கைக்கு மேலே இன்னொரு சட்டம் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

சிலிர்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க நேரமில்லை. நாளைக்கு ஆயிரம் பேர், அதில் பாதி குழந்தைகள். ஒருவர் செத்தாலும் அது அவள் விட்ட வரி.

"சாகின், கார் சாவிய எடு."

மூன்று மணி நேர வழி. கோச்கோரில் இறங்கும்போது சாகின், "நானாவது பாத்திருக்கணும் அக்கா" என்றார்.

"நீ பாத்திருந்தா நீயும் என்கூடத் தேநீர் போட எழுந்து போயிருப்பே. வா."

ஒஸ்மோனுக்கு அறுபது தாண்டியிருக்கும். கை இரண்டும் முழங்கை வரை அடுப்புச் சூட்டில் காய்த்துப்போயிருந்தன. பின்னறையில் பலகை பலகையாக ரொட்டிகள் அடுக்கியிருந்தன, மேல் பக்கம் மேலாக, ஒன்றுகூடக் கவிழாமல்; கவிழ்த்து வைத்தால் ரொட்டிக்கு அவமரியாதை. லேசாகச் சிவந்திருந்தன. பார்க்க அவ்வளவு அழகு. அறிக்கையை சாகின் படித்துக் காட்டினார். ஒஸ்மோன் கேட்டுவிட்டு மெடெரைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொட்டிய அழிக்கச் சொல்ற சட்டம் எங்க இருக்கு? காட்டு."

மெடெர் ராய்கானைப் பார்த்தான்.

"இல்லண்ணே" என்றாள் ராய்கான். "இருக்க வேண்டிய இடத்துல நான் எழுதல."

"எழுத மாட்டே. எவளும் எழுத மாட்டா." ஒஸ்மோன் சிரித்தார். "முப்பத்தெட்டு வருஷமா சுடறேன் தங்கச்சி. என் ரொட்டி தின்னு ஒருத்தன் ஏப்பம் விட்டிருக்கான், வயித்து வலின்னு ஒருத்தன் வந்ததில்ல."

ராய்கான் சுற்றிப் பார்த்தாள், கடையில் வேறு ஆள் இல்லை. "உங்க வீட்டுக்காரம்மா எங்க?"

சிரிப்பு நின்றது. "படுத்திருக்கா. நேத்து கொழுப்பு சூப்பு ஒத்துக்கல. காலையில இருந்து வாந்தி."

"முதல் சூட்டு ரொட்டிய யார் தின்னது?"

அவர் கண் வீட்டுப் பக்கம் போனது. சாகின் உடனே மெடெரை அனுப்பி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஒஸ்மோன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒத்துக்கொண்டுவிடுவார் என்றுதான் ராய்கான் நினைத்தாள். ஆனால் மனுஷனுக்கு வீம்பு தலைக்கேறியிருந்தது.

"சூப்புதான்" என்றார். "ரொட்டி யாரையும் கொல்லாது. கொன்னா உலகத்துல நம்பறதுக்கு என்ன மிச்சம்? நீங்க கிளம்புங்க. நான் கொடுத்தனுப்பத்தான் போறேன்."

ராய்கானிடம் சட்டம் இல்லை, போலீஸைக் கூப்பிட அதிகாரமும் இல்லை. கதவுப் பக்கம் திரும்பினாள். விருந்து வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்க்கலாம் என்று யோசனை. அப்போது ஒஸ்மோன், கோபத்திலும் வழக்கம் மாறாமல், பலகையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாய் வெச்சிட்டுப் போ."

ரொட்டியில் வாய் வைக்காமல் நம் ஆட்கள் யாரும் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. எதிரி வீடானாலும் ஒரு துணுக்குக் கிள்ளிப் போட்டுக்கொண்டுதான் படி இறங்குவார்கள். ராய்கான் ஒரு துண்டு பிய்த்தாள். சாகின், "அக்கா!" என்றார். அவள் கை மேலே போனது, வாய் திறந்தது.

ஒஸ்மோன் அவள் கையில் ஓங்கி அடித்தார்.

துண்டு பறந்து தரையில் விழுந்தது. நால்வரில் யாரும் அசையவில்லை, வாசலில் திரும்பி வந்து நின்ற மெடெர் உட்பட. ஒரு மனிதன் இன்னொரு மனிதன் கையிலிருந்து ரொட்டியைத் தட்டிவிட்டதை அவர்கள் யாரும் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. ஒஸ்மோன் தன் கையையே பார்த்தார். பிறகு குனிந்து அந்தத் துண்டை எடுத்து மாவுப் பலகைமேல் வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க" என்றார். "எல்லாத்தையும் எடுத்துக்கோங்க."

பின்பக்க உருளைக்கிழங்கு வயலில் குழி வெட்டினார்கள். ராய்கான் நினைத்திருந்தது சுலபமான வேலை. கூடையோடு கவிழ்த்துவிட்டு மண்ணைத் தள்ளினால் அரை மணி நேரம். ஆனால் விஷயம் கேள்விப்பட்டு வந்த ஆண்களும் பெண்களும், யாரும் சொல்லாமலே, பேக்கரியிலிருந்து குழிவரை வரிசையாக நின்றுவிட்டார்கள். நாளை விருந்து நடத்த வேண்டிய வீட்டுக்காரரும் அதில் ஒருவர். ஒவ்வொரு ரொட்டியாகக் கை மாறி வந்தது. குழிக்குள் இறங்கி நின்ற இருவர் அதை வாங்கி, மேல் பக்கம் மேலாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்கள். விஷ ரொட்டி என்று தெரியும். ஆனாலும் ஒன்றுகூட எறியப்படவில்லை. ராய்கானும் வரிசையில் நின்றாள். தன் கைவழியாகப் போன ரொட்டிகளில் அவளும் ஒன்றுகூடக் கவிழாமல் பார்த்துக்கொண்டாள். இவ்வளவு மரியாதையை அவள் எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம் ஆயிற்று. வாங்கி வாங்கிக் கைமாற்றியவர்கள் வாய்க்காலில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, நாளைக்கு யார் வீட்டு அடுப்பில் எத்தனை ரொட்டி சுடுவது என்று பேசிக்கொண்டு போனார்கள். மாவு எந்தக் கடையில் வாங்குவது என்று ஒரு சின்னச் சண்டையும் நடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஒஸ்மோனின் மனைவி பிழைத்துக்கொள்வாள், கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். அதைக் கேட்டதும் மனுஷன் குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். குழி இன்னும் மூடவில்லை; கடைசி ரொட்டி அவர் மடியில் இருந்தது, கொடுக்க மனம் வரவில்லை. ராய்கான் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, நல்லா நடிச்சே" என்றார். "அப்படி வாய்கிட்ட கொண்டுபோனாத்தான் நான் ஒத்துப்பேன்னு தெரிஞ்சுதானே செஞ்சே? வக்கீல் மூளை."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சாகின்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், ஊருக்குப் போய் மற்றவர்களிடம் சொல்லப் பெருமையாகத் தயாராக இருந்தார்.

"இல்லண்ணே" என்றாள் ராய்கான். "ரிப்போர்ட் என் பையில இருந்துச்சு. விஷம்னு எழுத்துக்கு எழுத்து தெரியும். நீங்க வாய் வெச்சிட்டுப் போன்னு சொன்னீங்க, கை பாட்டுக்குப் போயிருச்சு. நீங்க தட்டலன்னா முழுங்கியிருப்பேன்."

ஒஸ்மோன் அவள் கையைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த ரொட்டியை அவள் கையில் கொடுக்காமல், தானே குழிக்குள் இறங்கி, காலியாக இருந்த கடைசி இடத்தில் வைத்தார்.