‘நிருத்து’ என்று ஒரு பிழை

செல்வராணி இறந்த செய்தியை அவருடைய தம்பி போனில் சொன்னபோது நான் செல்லூர் அலுவலகத்தில் இருந்தேன். “அக்கா போயிருச்சுண்ணே” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. செல்வராணியிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றை நாள் கடத்திக்கொண்டே இருந்தேன். இனி அதற்கு வழியில்லை என்பதுதான் முதலில் உறைத்தது.

அவரோடு பழகிய உங்களில் பலருக்கு எங்கள் வேலை தெரியும். வயல் மோட்டார்களை இயக்கும் பெட்டிக்கு மெக்கானிக்குகள் தமிழிலேயே கட்டளை எழுதுவார்கள். அதைப் பெட்டிக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் என்ற மென்பொருளை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். அதன் முதல் பதிப்பை எழுதியவன் நான். ‘நிறுத்து’ என்ற கட்டளையை ‘நிருத்து’ என்று எழுதித் தொலைத்ததும் நான்தான்.

வேலையில் சேர்ந்த வாரமே செல்வராணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். சிரி சிரி என்று சிரித்தார். “நம்ம ஊர்ல பேசும்போது ரெண்டும் ஒண்ணுதாண்ணே, விடுங்க” என்றார். அதற்குள் பரவையிலிருந்து சோழவந்தான் வரை நிறையப் பெட்டிகளில் அந்தப் பிழை ஏறியிருந்தது. சரியான சொல்லைச் சேர்த்தார். தப்பான சொல்லையும் விட்டுவைத்தார். ஒவ்வொரு பதிப்பிலும் நான் அதைத் தூக்கிவிடலாம் என்பேன். “நம்ம எழுதுனதை நம்பித்தானே அவுக எழுதுனாக? இப்பப் போயி அது செல்லாதுன்னா எப்படி?” என்பார். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு மம்பட்டி பிடித்தவர். சொன்ன சொல் மாறினால் யார் தலையில் விடியும் என்பது செல்வராணிக்குத் தெரியும்.

போன வருடம் மெக்கானிக்குகள் ஒரு வசதி கேட்டார்கள். மேட்டு வயல், கிணத்து மூலை என்று தாங்களே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் தெரியாத சொல் எது வந்தாலும் கம்பைலர் தடுக்காமல் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டும். செல்வராணி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்கப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “பழசை மட்டும் எடுத்துராதீங்கண்ணே. எடுத்தா, நிருத்துங்கிறதையும் ஏதோ வயல் பேருன்னு நெனச்சுக்கிரும். நான் வாரேன், வந்து பார்த்துக்கிறேன்.” சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் எடுத்துவிட்டேன். அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம், அது பொய். என் எழுத்துப்பிழை ஒவ்வொரு பதிப்பிலும் என்னைப் பார்த்து இளிப்பது பொறுக்கவில்லை.

சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் புதுப் பதிப்பை ஏற்றினார்கள். பழைய கட்டளையில் இருந்த ‘நிருத்து’வைக் கம்பைலர் ஒரு குறையும் சொல்லாமல் வயல் பெயராக ஏற்றுக்கொண்டது; மோட்டாரை நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது. கொடிக்கால் வைத்திருந்த விவசாயி ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். மின்சாரம் இருந்த நேரமெல்லாம் மோட்டார் ஓடியது. திரும்பி வந்து பார்த்தபோது கொடிக்கால் குளமாகக் கிடந்தது. வேர் அழுகி எல்லாக் கொடியும் போய்விட்டது. மறுநாளே அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்தேன். செல்வராணியிடம் சொல்லவில்லை, உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தேன்.

பரவையில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க அந்த விவசாயியும் வந்திருந்தார். பெட்டி வைத்த நாளிலிருந்து அவருக்குச் செல்வராணியை மட்டும்தான் தெரியும். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அந்தப் புள்ள உடம்புக்கு முடியாமக் கெடந்துச்சு, அதான் எங்கயோ தப்பாப்போச்சு. அது மேல எனக்கு வருத்தமே இல்லப்பா. நிம்மதியாப் போகட்டும்.” தம்பி தலை குனிந்து கும்பிட்டார். இரண்டடி தள்ளி நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் தப்பு செல்வராணியுடையது அல்ல. இந்த அஞ்சலியை எழுதியதும் முதல் ஆளாக அந்த விவசாயியிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். போன கொடிக்கால் அதனால் திரும்பாது. தான் செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு செல்வராணி போய்விட்டார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது, என் தப்புக்காக அவருக்குக் கிடைத்த, எனக்குச் சேராத அந்த மன்னிப்பு ஒன்றுதான்.