ரெண்டு கிலோ தின்ற தராசு

பாண்டித்துரையின் ஜீப், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் முன்சக்கரம் இரண்டும் இல்லாமல் நின்றது. ஸ்டாண்டுக்குப் பதில் அடியில் சில்வர் ஓக் கட்டைகள். பீர்மேட்டுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிஷனைப் பூட்டிவிட்டுப் போன கம்பெனி, ரோட்டையும் சேர்த்துக் கைவிட்டது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. லயத்தில் இப்போது எரிவது இரண்டே அடுப்பு. ஒன்று இவனுடையது. மற்றது கடைசி வீட்டு அழகுத்தாயுடையது.

அழகுத்தாய் கொழுந்து எடுத்தே வயசானவள். பனி இறங்கினால் மூச்சு முட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக இந்த ஜீப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது. அதனால் அவன் ஜீப்பை எப்போதும், உடனே கிளம்பத் தோதாக, இறக்கம் பார்த்தே நிறுத்துவான். முன் ஆக்சில் ஆட்டம் கண்டு வண்டி படுத்ததும் அவள் மகன் சதீஷ் திருப்பூரிலிருந்து போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றான்.

"வண்டி ஓடுனா நான் ஏன் போறேன்? மாடி ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்கவா?" என்றாள் அவள்.

பாண்டித்துரைக்கு அது போதும். மனைவி செத்துவிட்டாள். மகள் மோனிஷா கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அந்த மலையில் அவனோடு வாய் கொடுத்துப் பேச மிச்சமிருப்பது இவள் ஒருத்தி. வண்டி ஓடினால் அவள் இருப்பாள். ஓடாவிட்டால் சுவரோடு பேச வேண்டியதுதான்.

வண்டியைக் கொண்டுவா, பார்க்கலாம் என்றான் டவுன் மெக்கானிக். ஓடாத வண்டியை எப்படிக் கொண்டுபோவது? பாண்டித்துரையே வேலையில் இறங்கினான். ஹப் நட்டைக் கழற்றப் பெரிய பாக்ஸ் ஸ்பேனர் இல்லை. தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்து, வாயில் அரத்தால் பல் வெட்டி மாட்டினான். புது பேரிங்கின் கப்பை நேராக இறக்க, பழைய கப்பை மேலே வைத்துத் தட்டினான். சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னின் மூடிக்கு அடியில் போடும் மெல்லிய தகடுகளைப் பெயின்ட் டப்பாவில் கத்தரித்தான். பேக்கிங்குக்குக் காலண்டர் அட்டை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலும் பாதி வேலை இப்படித்தான் நடந்தது. பில் மட்டும் வேறு மாதிரி போகும்.

கடைசியாக ஒரு சோதனை. கிங் பின் எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது என்று ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். ஆறு கிலோ இழுப்பில் அசைந்தால் சரி. அதற்கு முன்பே அசைந்தால் லூசு, ஒரு தகட்டை எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இறுக்கம், ஸ்டியரிங் முரண்டும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் ஒரு தராசு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வட்ட முகம், சிவப்பு முள், கீழே கொக்கி. முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நின்றது. மாட்டி இழுத்தான். நாலில் அசைந்தது. தகட்டை எடுத்தான், இழுத்தான், இன்னொன்றை எடுத்தான். ஆறு வந்தது. இரண்டு பக்கமும் அப்படியே.

சனிக்கிழமை கூப்பிட்டான். "ஏறுங்க மதினி. ஒரு ரவுண்டு போவோம்."

"தண்ணிக் குழாயும் பெயின்ட் டப்பாவும் வச்சுக் கட்டுனதுல ஏறச் சொல்றீரு கொழுந்தனாரே. ஆயுசு கெட்டியா இருக்கணும்."

"டப்பா உள்ள இருக்கு. வெளிய தெரியாது."

முதல் வளைவில் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டித் திருப்பினான். திருப்பியது திரும்பியபடியே நின்றது. நேராக்குவதற்குள் சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டது. அவள் கம்பியைப் பிடித்துத் தப்பித்தாள். நடந்தே வீட்டுக்குப் போனாள். அவன் ரிவர்ஸில் ஏற்றி வண்டியை லயத்துக்குக் கொண்டுவந்தான். சாயங்காலம் அவள் போனில் பேசியது லயம் முழுக்கக் கேட்டது. கேட்க அவன் ஒருத்தன்தான் இருந்தான்.

"வாடா சதீஷு. நான் வந்துர்றேன்."

ஞாயிறு காலை சதீஷ் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அழகுத்தாய் ஜீப் பக்கம் வந்தாள். மண்ணில் கிடந்த தராசைப் பார்த்தாள்.

"இதை வச்சா அளந்தீரு?"

"ஆமா. கரெக்டா ஆறு கிலோ."

அவள் இருமல் வரும்வரை சிரித்தாள். "இந்த டிவிஷன்லயே இதை நம்புன மொத ஆளு நீருதான்யா."

"முள்ளு பூச்சியத்துலதான நிக்கி?"

"நிக்கும். மொத ரெண்டு கிலோவுக்கு அசையாது. சாக்குக்கு, ஈரத்துக்குக் கழிவுன்னு சொல்லிக் கம்பெனிக்காரன் அங்க ஆணி வச்சிருக்கான். நான் சேலை கட்டுன நாள்லருந்து என் கொழுந்தைத் தின்ன தராசு இது."

பாண்டித்துரை ஓட்டியது கொழுந்து லாரி. நிறுத்து முடித்த சாக்கை ஏற்றியவன். நிறுக்கிற வரிசையில் நின்றவனில்லை. ஒருமுறை இதே தராசுக்காகப் பெண்கள் ஒரு பகல் முழுக்கக் கொட்டகையை மறித்து உட்கார்ந்தார்கள். அன்றைக்கும் அவன் லாரிக்குள் படுத்துத் தூங்கினான்.

தராசின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான். முள்ளுக்கு அடியில் பொடி ஆணி. குறடால் பிடுங்கியதும் முள் பூஜ்யத்துக்குக் கீழே சரிந்தது. அப்படியென்றால் முதலில் காட்டிய நாலுதான் ஆறு. தொடாமல் விட்டிருந்தால் போதும்.

"மதினி, எடுத்த தகட்டைத் திரும்பப் போட்டா தீர்ந்துச்சு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவேன்."

"முடிச்சுட்டு எங்களைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விடும்."

"வண்டி ஓடுனா போக மாட்டேன்னீங்க."

"பய லீவு போட்டு வந்துட்டான்யா." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "நேத்து ஓடைல எறங்கவும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. இனி ராத்திரி மூச்சு முட்டுனா இதுல ஏறத் தைரியம் வராது."

மத்தியானம் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கினான். அதே வளைவில் பிடியைத் தளர்த்தினான். ஸ்டியரிங் தானாக நேருக்கு வந்தது. அவள் அதைக் கவனித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். பஸ்ஸில் ஏறும்போது, "ஒழுங்காப் பொங்கித் தின்னும்" என்றாள்.

இருட்டுவதற்குள் லயத்துக்குத் திரும்பினான். முன்னும் பின்னுமாக எடுத்து, ஜீப்பை இறக்கம் பார்த்து நிறுத்தினான். கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும்போதுதான் கடைசி வீட்டில் அழகுத்தாய் போட்டுப்போன பூட்டு கண்ணில் பட்டது. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அண்டை கொடுத்துவிட்டு உள்ளே போனான்.