வண்டலில் பதிந்தவை

பொய் சொல்லி நான் பரிசு வாங்கியது ஒரே ஒரு முறைதான். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து, எவர் முன்னும் தலைகுனியாமல் ஓய்வு பெற்றவள் நான். இதை எழுதாமல் விட்டுவிட எனக்கு உரிமை உண்டு. ஆனால் பரிசாக வந்த அந்தப் பேனா இன்னமும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் நான் ஏழாம் வகுப்புப் படித்த பள்ளியிலேயே என் தாய்மாமா அறிவியல் ஆசிரியராக இருந்தார். தற்காலிகப் பணி. கோடை விடுமுறையோடு வேலை முடிந்துவிடும். ஜூனில் மறுபடி அழைப்பார்களா என்று காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு நிரந்தர இடம் ஒன்று காலியானது. அறிவியல் கண்காட்சியைப் பார்வையிட வரும் கல்வி அதிகாரி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், இடம் மாமாவுக்குத்தான் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். அம்மா அதற்குள் தன் தம்பியான மாமாவுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

கண்காட்சிக்கு மாமா தேர்ந்தெடுத்தது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பறந்து திரிந்த டெரோசார் என்னும் ஊர்வன வகை விலங்கை. மூங்கில் சிம்புகளால் எலும்புக்கூடு கட்டி, பழைய குடைத்துணியை இறக்கையாக விரித்தார். அதுவரை எவருக்கும் மறுப்பில்லை. பிறகு கழுத்திலும் உடம்பிலும் கருவேலம்பிசினைத் தடவி வெள்ளாட்டு மயிரை ஒட்டினார். சோவியத் நாட்டுச் சஞ்சிகை ஒன்றில் அவர் படித்திருந்தார்: அங்கே கிடைத்த கற்பலகையில், இந்தப் பிராணியின் எலும்புகளைச் சுற்றி மெல்லிய மயிர்க்கோடுகள் பதிந்திருந்தனவாம்.

ஓவிய ஆசிரியர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "என்ன சார், சவரம் பண்ணாத பல்லியா இருக்கே?"

"குளிருக்குப் போத்திருக்கு சார்," என்றார் மாமா. "றெக்கை அடிச்சுப் பறக்கணும்னா ஒடம்புல சூடு நிக்கணும்ல?"

வீட்டில் எதிர்த்தவள் நான். வகுப்பில் முதல் மாணவி என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. "புத்தகத்துல செதிலுன்னுதான் மாமா போட்டுருக்கு. மயிரு எப்படிக் கல்லாகும்?"

மாமா கோபிக்கவில்லை. மறுநாள் என்னைப் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க்கு அழைத்துப் போனார். தண்ணீர் வற்றி, நடுப்பள்ளத்தில் மட்டும் ஈர வண்டல் மாவுபோல் கிடந்தது. வழியில் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடந்த அணிலை ஓலையில் ஏந்தி வந்திருந்தார். வண்டலைத் தகரத் தட்டில் நிரப்பி, அணிலை அதில் மெல்ல அழுத்தி எடுத்தார்.

"நீயும் பக்கத்துல கைய வையி தாயி."

வைத்தேன். நிழலில் நான்கு நாள் காய்ந்தபின் பார்த்தபோது, அணிலின் வாலைச் சுற்றி மயிர் மயிராகக் கோடுகள் இருந்தன. பக்கத்தில் என் உள்ளங்கை. அரிவாள்மனையில் அறுபட்ட தழும்புகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

"மயிரு கல்லாகல தாயி," என்றார் மாமா. "அது கெடந்த எடம் கல்லாயிருச்சு."

கண்காட்சி நாளில் அந்த வண்டல் பலகையைத் துண்டில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்திருந்தார். அதிகாரி வந்தார், மயிரைப் பார்த்ததும் நின்றார்.

"ஊர்வனவற்றுக்கு மயிரா? நீங்கள் பாடநூல் படிப்பதுண்டா?"

மாமா கற்பலகையின் செய்தியை நிதானமாகச் சொன்னார். மண்ணில் மயிர் பதியுமா என்று அதிகாரி சிரித்தார்.

"பதியும் சார். எங்க அக்கா மக கண்ணால பாத்துருக்கு. அதையே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதிகாரி கனிவாகத்தான் கேட்டார். "ஊர்வனவற்றின் உடலை மூடியிருப்பது எது, அம்மா?"

"செதில்கள், சார்."

"நல்லது. மண்ணில் மயிர் பதிந்து நீ பார்த்தாயா?"

சரியான விடை ஒன்றைச் சொல்லிவிட்டிருந்தேன். அடுத்த விடை அதைத் தவறாக்கிவிடும் என்று பட்டது. தலைமையாசிரியரின் கண்கள் என்மேல் இருந்தன.

"பார்க்கவில்லை, சார்."

மாமா அதற்குள் குனிந்து துண்டின் முடிச்சில் கை வைத்திருந்தார். கை அங்கேயே நின்றது. பிறகு அந்தப் பொதியை இன்னும் உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் சார். புள்ள சொல்றது சரி."

அதிகாரி தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து எனக்குப் பரிசளித்தார். மயிரை உடனே எடுத்துவிடச் சொன்னார். பிசின் நன்றாகப் பிடித்திருந்தது; எல்லாரும் பார்த்திருக்க, மாமா அதைக் கற்றை கற்றையாகப் பிடுங்கினார்.

டவுன் பஸ்ஸில் வீடு திரும்பும்போது, குலுக்கலில் உடைந்துவிடாமல் அந்தப் பொதியை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

"கோவமா மாமா?"

"கோவமெல்லாம் இல்ல தாயி. மூடிய இறுக்கி மூடு, மை ஒழுகிரும்."

ஜூனில் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. மாமா விருதுநகரில் ஒரு லாரி ஆபீஸில் சேர்ந்தார். லோடு கணக்கு எழுதியே அவருடைய காலம் கழிந்தது. அவருக்குப் பெண் பார்க்கும் பேச்சு பல ஆண்டுகள் எழவே இல்லை. பின்னாளில் வேறு நாடுகளிலும் அத்தகைய கற்பலகைகள் கிடைத்தன. அது பாலூட்டிகளின் மயிரன்று, வேறு வகை இழை என்றார்கள். அதன் தன்மை குறித்து வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அவ்வுடல்கள் வெறுமையாக இருக்கவில்லை என்பது உறுதிப்பட்டது. அதை நானே மேடையில் நின்று கற்பித்திருக்கிறேன், மாமாவின் பெயரைச் சொல்லாமல்.

அன்று பஸ்ஸில் எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் ஏன் அதைப் பிரித்துக் காட்டவில்லை? அதிகாரிக்குப் பயந்துவிட்டார் என்று முடிவு செய்தேன்; அவர்மேல் சிறிது இளக்காரம்கூட வந்தது. அணிலுக்குப் பக்கத்தில், தழும்போடு, என் கையும் அந்த வண்டலில் இருந்தது எனக்கு நினைவுக்கே வரவில்லை.